இலையானுக்கு வேறு சோலி

என் குசினியில் ஈ, எங்கள் பேச்சில் இலையான், மொய்த்தது. மச்சாளின் குதிரை லாயத்தில் ஒன்றுகூட இல்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கென்ன, சிரிக்கலாம். நான் சமைத்த சோற்றைக் கணவர் கோப்பையோடு தூக்கிக்கொண்டு போய்க் குதிரைக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவதைக் குசினி வாசலில் நின்று பார்த்தவள் நான்.

மச்சாள் என்று நான் சொல்வது அவருடைய அக்காவை. எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. எனக்கு அவள் மச்சாள், அவளுக்கும் நான் மச்சாள். இப்போது அவள் உயிரோடு இல்லை. இல்லாதவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்கிறேன். ஆனால் என் வாயில் அது எப்படி வருமோ அப்படித்தான் வரும்.

நான் கட்டைபறிச்சானில் பிறந்தவள். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம். கலியாணம் முடிந்து மூதூரில் லாஞ்சிப் படகு ஏறித் திருகோணமலை இறங்குதுறையில் கால் வைத்தபோது, எங்களை ஏற்றிப் போக அவருடைய சொந்தக் குதிரை வண்டியே வந்து நின்றது. மாமனார் வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரிகளின் லாயத்தில் குதிரை பார்த்தவர். வெள்ளைக்காரர் தளத்தை விட்டுப் போகும்போது ஒரு செவலைப் பெட்டைக் குதிரையை அவரிடமே விட்டுப் போனார்கள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு மகன் வண்டி கட்டி வாடகைக்கு ஓடினார். குதிரையை மகள் பார்த்தாள். சின்ன வயதிலேயே தகப்பனுக்குச் சோறு கொண்டுபோய் லாயத்தில் நின்று நின்று அவளுக்கு அந்த வேலை பிடிபட்டிருந்தது.

அன்றைக்கு இறங்குதுறையில் மீன் கூடைகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. வந்தவர் போனவர் எல்லார் முகத்திலும் இலையான். என் கூறைச்சேலைக் கரையிலும் இருந்தது. குதிரையில் மட்டும் இல்லை. அதன் நெற்றியில் பழைய வலைநூலை முறுக்கி முடிச்சுப் போட்ட குஞ்சம் ஒன்று கண்வரை தொங்கியது. குதிரை தலையை ஆட்ட, குஞ்சமும் ஆடும். இலையான் வந்தாலும் குந்த இடம் கிடைக்காது. பக்கத்தில் கடிவாளத்தைப் பிடித்தபடி மச்சாள் நின்றாள். ஒல்லியான தேகம், முழங்கைவரை வேப்பெண்ணெய் மணம். என்னோடு வந்த சின்னம்மா, "இஞ்ச பாருங்கோ, இந்தக் குதிரையில ஒரு இலையான் இல்லை" என்று வாய் விட்டுச் சொன்னதும் லாஞ்சியால் இறங்கிய சனம் முழுவதும் குதிரையைப் பார்த்தது. மணப்பெண் நான். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குள் எரிச்சல் வந்து காலை நீட்டிப் படுத்தது அந்த இடத்தில்தான். இன்றுவரை அது எழும்பவில்லை.

அந்த வீட்டில் நான் வரும்வரை சமைத்தவள் மச்சாள். தாய் வேளைக்கே கண்ணை மூடிவிட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான். அவள் கட்டிய மனிதர் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. நான் வந்த மறுநாள் காலை அலுமாரிப் பூட்டின் திறப்பை என் கையில் வைத்தாள்.

"இனி உங்கட பாடு, மச்சாள்" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வெளியே போய் லாயத்தைக் கூட்டத் தொடங்கினாள். அதற்குப் பிறகு அவள் என் குசினிக்கு வந்தது சாம்பலுக்கு மட்டும்தான். விடிந்ததும் வாசலில் சட்டியோடு நிற்பாள்.

"சாம்பல் இருக்கே, மச்சாள்?"

என் அடுப்பில் எரிந்ததெல்லாம் அவளுடைய லாயத்துத் தரைக்குப் போயிற்று. குதிரை மூத்திரம் விட்ட இடத்து ஈரமணலை அள்ளி எறிந்துவிட்டு, கடற்கரையிலிருந்து காய்ந்த மணல் கொண்டுவந்து போடுவாள். அதன்மேல் சாம்பல் தூவுவாள். லத்தி விழுந்து சூடு ஆறுமுன் பெட்டியில் அள்ளி, வளவின் கடலோர வெட்டையில் வெயில் படுகிற இடத்தில் கைக்கு ஒட்டாத அளவுக்கு மெல்லியதாகப் பரப்பிவிடுவாள். மத்தியானத்துக்குள் அது காய்ந்து பொருபொருத்துவிடும். எங்கள் ஊரில் சாணியை யாராவது இப்படிச் சீராட்டிப் பார்த்ததுண்டா? குவித்துக் கிடங்குக் குழியில் போட்டால் போச்சு. "குவிச்சா உள்ளுக்கை வெதுவெதுப்பாய்க் கிடக்கும், இலையான் குடும்பம் நடத்தும்" என்பாள்.

லாயத்துக் கூரையில் சிலந்தி வலை கட்டினால் அதைக் கலைக்க விடமாட்டாள். "அதுவும் எங்கட ஆள்தான்" என்பாள். கச்சான் காற்றுக் காலத்தில் மேற்குப் பக்கத்துத் தென்னங்கிடுகை அவிழ்ப்பாள். வாடை தொடங்கினால் அதைக் கட்டிவிட்டு மற்றப் பக்கத்தைத் திறப்பாள். காற்று ஓடுகிற இடத்தில் இலையானுக்கு நிலை கொள்ளாதாம். கூரை வளையில் நொச்சிக் கொப்புகள் தொங்கும். பின்னேரங்களில் தேங்காயெண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து குதிரையின் காலிலும் வயிற்றிலும் தடவுவாள். நான் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த கோழிகளும் என்னை விட்டுவிட்டு அங்கே போய்ப் படுத்தன. குதிரையின் காலடியைக் கிண்டிப் புழு பொறுக்கித் தின்று கொழுத்தன. முட்டை மட்டும் எனக்குக் கொண்டுவந்து தருவாள். என் கோழியின் முட்டையை அவள் கையால் வாங்க வேண்டியிருந்தது.

இவற்றை அவள் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. எரிச்சலோடு பார்க்கிற கண்ணுக்கு எதுவும் தப்பாது.

என் குசினிக் கதை வேறு. நான் என்ன செய்யாமல் விட்டேன்? சட்டி பானையை மூடினேன். நிலத்தை இரண்டு நேரமும் மெழுகினேன். மீன் கழுவிய தண்ணீரைத் தூரக் கொண்டுபோய் ஊற்றினேன். அப்படியும் கறுத்த எள்ளைக் கொட்டினாற்போல் இலையான் வரும். மூதூர் லாஞ்சிச் சனத்தை இறக்கிவிட்டு மத்தியானம் அவர் வருவார். பலகையில் இருப்பார். நான் சோறு போட்டுக் குழம்பு ஊற்றுவதற்குள் இடது கை வீசத் தொடங்கிவிடும்.

"இஞ்ச இருந்து சாப்பிட ஏலாது" என்று எழும்புவார். கோப்பையோடு முற்றத்தைக் கடந்து லாயத்துக்குப் போவார்.

அங்கே அவருக்காக ஒரு பழைய மரப்பெட்டி இருந்தது. மச்சாள் சீலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிடுவாள். அவர் இருப்பார். அவள் குதிரையைத் தேய்த்தபடி நிற்பாள். லாஞ்சியில் யார் வந்தது, யார் சண்டை பிடித்தது, கோணேசர் கோயில் திருவிழாவுக்கு எத்தனை ஓட்டம் வரும் என்று கதை போகும். அவர் சிரிக்கிற சத்தம் குசினிக்குக் கேட்கும். என்னோடு அவர் அப்படிச் சிரித்ததில்லை என்று சொல்லமாட்டேன். சிரித்திருக்கிறார். ஆனால் வாயில் சோற்றோடு சிரித்ததில்லை. நான் ஏதாவது சாட்டு வைத்து அங்கே போனால் கதையை நிறுத்துவார்கள் என்று நினைப்பேன். நிறுத்தமாட்டார்கள். என்னையும் வைத்துக்கொண்டு தொடர்ந்து கதைப்பார்கள். அது இன்னும் மோசம்.

ஒருமுறை அயலில் யாரோ, ஊருக்கு நடுவில் லாயம் வைத்திருக்கிறார்கள் என்று முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள். சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் வந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஒளிப்பானேன், இன்றோடு லாயம் போய்விடும் என்றுதான் நினைத்தேன். மனிதர் லாயத்துக்குள் போய் நின்றார். தரையைக் காலால் கிளறிப் பார்த்தார், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார். மச்சாள் குதிரையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவர் தண்ணீர் கேட்டுக் குசினிப் பக்கம் வந்தார். செம்பை வாயில் வைக்குமுன் இலையான் ஒன்று விளிம்பில் குந்தியது.

"அம்மா, நோட்டீஸ் குடுக்கிறதெண்டா இஞ்சைதான் குடுக்கவேணும்" என்றார்.

பகிடியாகத்தான் சொன்னார். என் கணவரும் சிரித்தார். மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவள் அடிக்கடி சொல்கிற ஒரு கதை உண்டு. "இலையானோட சண்டை பிடிக்கப்படாது. அடிச்சா ஒண்டு சாகும், ஒன்பது வரும். அதுக்கு வேற சோலி குடுக்கவேணும்" என்பாள். மனிதருக்கும் அவள் அதே மருந்தைத்தான் கொடுத்தாள். அடுத்த வளவுக்காரி ஒருத்தி மூட்டிவிடுவதில் கெட்டிக்காரி. எங்கள் இரண்டு பேரையும் கொளுவிவிட வேண்டும் என்று தினம் வந்து குந்துவாள். மச்சாள் ஒருநாளும் அவளைப் போ என்று சொன்னதில்லை. வலைநூலைக் கையில் கொடுத்து, "குதிரைக்குக் குஞ்சம் பழசாப் போச்சு, உங்கட முடிச்சு வடிவு, ஒண்டு போட்டுத் தாங்கோ" என்றாள். மனுசி முடிச்சுப் போட்டுப் போட்டுக் களைத்து, பிறகு இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. நான் அதைப் பார்த்து வியந்தேன். எனக்கும் இவள் ஏதாவது சோலி கொடுத்திருக்கிறாளோ என்று யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

மகள் பிறந்து நடக்கத் தொடங்கிய வருஷம், மச்சாள் கதிர்காமத்துக்கு நடை போனாள். வெருகல் பக்கத்துச் சனத்தோடு சேர்ந்து கரையோரமாக நடந்து போவதென்று நேர்த்தி. புறப்படும்போது குதிரையின் கழுத்தைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"லத்தியைக் குவிக்காதேங்கோ, மச்சாள். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். நான் எருமைப் பட்டி வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். எனக்கா சொல்கிறாள் என்று நினைத்தேன். இவள் இத்தனை வருஷம் ஊருக்குக் காட்டிய வித்தையை எங்கள் ஊர் முறையில் ஒரே பின்னேரத்தில் செய்துகாட்டுகிறேன் என்று இறங்கினேன். லத்தியைக் கிடங்கு வெட்டிக் குவித்தேன். பொழுது சாய, பட்டிக்குப் போடுவதுபோல் லாயத்துக்குள் மூட்டம் போட்டேன். பச்சை வேப்பங்குழையும் உமியும் போட்டால் நல்ல புகை வரும். எருமை அந்தப் புகைக்குள் கண்ணை மூடிக்கொண்டு சுகமாய்ப் படுத்திருக்கும். குதிரை படுக்கவில்லை. இருமியது. கண்ணால் தண்ணீர் வடிந்தது. பின்னங்காலால் பலகையை உதைத்து உடைத்தது. அவர் ஓடிவந்து புகையை மிதித்து அணைத்தார்.

"உனக்கென்ன விசரே? இது மாடில்லை" என்றார்.

குதிரை மூக்கைத் தூக்கித் தூக்கிக் காற்றைத் தேடிக்கொண்டு நின்றது. பத்து நாள் போகவில்லை, கிடங்கிலிருந்து இலையான் புறப்பட்டு லாயத்தை நிறைத்தது. குதிரை ஒரு நிமிஷம் சும்மா நிற்காது. காலை உதறும், வாலை அடிக்கும், தலையை எறியும். இறங்குதுறையில் மூதூர் வியாபாரி ஒருவர், பெரியாஸ்பத்திரிக்குப் போக மகளையும் கூட்டிக்கொண்டு வண்டியில் ஏறினவர், ஏறின கையோடு இறங்கிவிட்டாராம்.

"தம்பி, உங்கட குதிரை ஆடுற ஆட்டத்துக்கு எங்கட புள்ளத்தாச்சி இருக்க ஏலா. நாங்க நடந்தே போறம்" என்றாராம்.

இதை அவர் எனக்குச் சொன்னது குசினியில் இருந்து சாப்பிட்டபடி. ஓம், குசினியில்தான். ஏனென்றால் அந்த நாட்களில் ஒரு புதுமை நடந்தது. என் குசினியில் இலையான் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் பார்த்தால் ஒன்றும் இல்லை. அவர் பலகையில் இருந்து, கை வீசாமல், இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். குதிரை துன்பப்பட்டது, வண்டி ஓட்டம் குறைந்தது, எனக்கோ நிலத்தில் கால் படவில்லை. என் கையால் அவருக்கு வெற்றிலையும் மடித்துக் கொடுத்தேன். வெற்றிலையை வாயில் வைத்துவிட்டு, "அக்கா எப்ப வருவா?" என்று கேட்டார்.

அடைக்கோழி ஒன்று காணாமல் போய் அதைத் தேடித்தான் நான் குசினிக்குப் பின்வேலியைத் தாண்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் பூவரசங்கொப்பில், என் குசினிச் சுவரில் இருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், வாய் சிறுத்த ஒரு மண்முட்டி தொங்கியது. எட்டிப் பார்த்தேன். அடியில் காய்ந்த மீன்குடலும் முள்ளும், செத்த இலையான் ஒரு கை அளவும். அந்த நாற்றத்தை நான் இத்தனை நாளும் கடற்கரை நாற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆள் ஊரில் இல்லை, முட்டியில் புதுக்குடல் போட ஒருவரும் இல்லை, என் குசினிக்கு இலையானும் இல்லை. கணக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் "அக்கா அப்பிடிச் செய்யமாட்டா" என்பார். அல்லது செய்திருப்பாள் என்று தெரிந்தால் "பாவம்" என்பார். இரண்டையும் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. முட்டியை அப்படியே விட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

மச்சாள் கால் வெடித்துக் கறுத்துப்போய் வந்தாள். படலையைத் திறந்தவள் தம்பியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, நேரே லாயத்துக்குப் போனாள். குதிரை அவளுடைய தோளில் மூக்கை வைத்தது. கிடங்கைப் பார்த்தாள். உடைந்த பலகையைப் பார்த்தாள். மண்வெட்டியை எடுத்தாள். சில நாளில் லாயம் பழைய லாயமாயிற்று. பிறகு ஒருநாள் மீன்காரன் வந்து போன சத்தம் கேட்டு நான் பின்வேலிக்குப் போனேன். முட்டியைக் கழுவிப் புதுக்குடல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது ஏன் மச்சாள் இஞ்ச தொங்குது?"

திரும்பினாள். கையை ஒளிக்கவில்லை.

"இலையானுக்கும் ஒரு இடம் வேணுமெல்லோ."

"வளவு இவ்வளவு பெரிசு. கடலோரம் தாழை நிக்குது. என்ர குசினிச் சுவரடிதானோ உங்களுக்குக் கிடைச்சது?"

"லாயத்துக்கு எட்டத்தான் கட்டவேணும்."

"எட்டத்தான் கட்டினீங்கள். என்ர சோத்துக்குக் கிட்ட."

முட்டியின் வாயில் நீட்டிக்கொண்டிருந்த குடலை உள்ளே தள்ளினாள். பிறகு கையை மண்ணில் துடைத்துக்கொண்டு, சாம்பல் கேட்கிற அதே குரலில் சொன்னாள்.

"குசினியைத் தந்திட்டன், மச்சாள். அலுமாரித் திறப்பையும் தந்திட்டன். அவன் என்னட்ட வாறதுக்கு எனக்கு ஒரு சாட்டு வேண்டாமே? வாடா எண்டு கூப்பிட்டா உங்களுக்குக் கோவம் வரும். உங்களோட சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை."

ஆக அந்தச் சோலி எனக்குத்தான். இத்தனை வருஷமும் இலையானைக் கலைத்துக்கொண்டிருந்தவள் நான். வாய் நிறைய வைத்துக்கொண்டு போன திட்டை விழுங்கிவிட்டேன். இரக்கம் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமைதான் வந்தது. ஒரு மனிதரை மத்தியானத்தில் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருத்துவதற்கு இவள் இவ்வளவு யோசித்திருக்கிறாள். அவரைக் கட்டியவள் நான், எனக்கு அப்படி ஒரு யோசனை ஒருநாளும் வந்ததில்லை. அவர் என் பக்கத்தில் இருப்பார் என்று சும்மா நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முட்டியை அவளே அவிழ்த்தாள். கடலோரத்துத் தாழையில் கொண்டுபோய்க் கட்டினாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

மறுவாரம் குசினி பளிங்குபோல் இருந்தது. மத்தியானம் அவர் வந்தார். சோறு போட்டேன். திருக்கைக் கறி, முருங்கையிலை வறை, எல்லாம் அவருக்குப் பிடித்தது. ஒரு இலையான் இல்லை. கோப்பையை எடுத்தார், எழும்பினார்.

"எங்க போறியள்? இஞ்சதான் இலையான் இல்லையே" என்றேன்.

முற்றத்தில் இறங்கியவர் நின்று, தனக்கே விளங்காதவர்போல் கோப்பையைப் பார்த்தார்.

"பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு லாயத்துக்குப் போனார்.

பிறகு குதிரையும் கிழடாயிற்று. இறங்குதுறையில் வாடகைக் கார்கள் வந்து நின்றன. ஒரு வாடைக் காலத்தில் குதிரை படுத்தது, எழும்பவில்லை. கடலோர வெட்டையில் புதைத்தோம். வண்டி போயிற்று, அவர் கார் ஓட்டப் போனார். இனி லாயத்தில் என்ன இருக்கிறது, பிரித்துவிடுவார்கள் என்று நம்பினேன். மச்சாள் கிடுகு மாற்றினாள். மணல் மாற்றினாள். சாம்பலுக்கு வந்து நின்றாள்.

"குதிரைதான் இல்லையே, மச்சாள்?" என்றேன்.

"தம்பி சாப்பிடுற இடமெல்லோ" என்றாள்.

அவர் காரைப் படலையடியில் விட்டுவிட்டு, கோப்பையோடு அங்கேயே போனார். குதிரை இல்லாத லாயத்தில் அக்காவும் தம்பியும் இருந்து கதைப்பார்கள். இப்போது அவளும் பெட்டியின் ஒரு ஓரத்தில் இருப்பாள். தேய்க்கக் குதிரை இல்லாததால் அவளுக்கு வேலையில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் மச்சாள் காய்ச்சலில் விழுந்தாள். அறையில் கிடத்தி நான்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். விசிறியோடு பக்கத்தில் இருந்தேன். அவள் முகத்தில் ஒரு இலையான் குந்த நான் விடவில்லை. அவளைப் பார்க்க வருகிறவர்கள் அவளுடைய முகத்தில் இலையானைப் பார்த்தார்கள் என்று ஒரு கதை வரக்கூடாது. அது எனக்கு அவமானம் என்றும் சொல்லலாம். அவளுக்காகவா எனக்காகவா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. ஒருநாள் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள்.

"கை நோகும், மச்சாள். தலைமாட்டில நொச்சி வைச்சாக் காணும்" என்றாள்.

சாகப்போகிற நேரத்திலும் எனக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. விசிறியைக் கீழே வைக்காமல் அப்படியே வீசிக்கொண்டிருந்தேன். பிறகு போய் நொச்சி முறித்துக்கொண்டு வந்தேன்.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சனம் எல்லாம் போன பிறகு, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் கலியாணம் செய்து மட்டக்களப்பில் இருக்கிறாள். இனி குசினிக்குப் போட்டி இல்லை. பலகையைத் துடைத்துப் போட்டேன். அவர் வந்தார். கோப்பையை எடுத்தார். எழும்பினார். குதிரையும் இல்லை, அக்காவும் இல்லை. முற்றத்தைக் கடந்து போய் அந்தப் பெட்டியில் தனியே இருந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் தாழையடிக்குப் போனேன். முட்டி அங்கேதான் தொங்கியது. கழுவினேன். மீன்காரனிடம் குடல் வாங்கிப் போட்டேன். கொண்டுவந்து லாயத்து வளையில், அவர் இருக்கிற பெட்டிக்கு நேர் மேலே கட்டினேன். இதில் பிழை என்ன? அவள் எனக்குச் செய்ததைத்தான் செய்தேன். அவள் தம்பியை அழைப்பதற்காகச் செய்தாள், நான் கணவரை அழைப்பதற்காகச் செய்தேன்.

மறுநாளே இலையான் வந்துவிட்டது. லாயத்துக்குள் அப்படி ஒரு இரைச்சலை நான் கேட்டதில்லை. அவர் கோப்பையோடு போனார். குசினி வாசலில் நின்றேன். இதோ திரும்புவார், இதோ திரும்புவார் என்று பலகையை இன்னொருமுறை துடைத்தேன். அவர் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். பெட்டியில் இருந்து, இடது கையால் கலைத்துக் கலைத்து, வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றில் குந்தியதைத் தட்டிவிட்டு அடுத்த பிடி எடுத்தார். முட்டியை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கன்னத்தில் ஒன்று ஊர்ந்தது. அதையும் துடைக்கவில்லை.

"அக்கா இருந்தா லாயத்தை இப்பிடி விட்டிருக்கமாட்டா" என்றார்.

அவர் கை கழுவப் போன பிறகு முட்டியை அவிழ்த்துக் கடலில் எறிந்தேன். பழைய மணலை அள்ளினேன். கடற்கரைக்குப் போய்க் காய்ந்த மணல் கொண்டுவந்தேன். கிடுகை அவிழ்த்துக் கச்சானுக்குத் திறந்துவிட்டேன். நொச்சி கட்டினேன். கூரையில் சிலந்தி வலை இருந்தது. கூட்டுகிற தும்புத்தடியை ஓங்கிவிட்டு, அதை அப்படியே விட்டேன்.

அது நடந்து இப்போது வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த லாயத்தில் இன்றும் ஒரு இலையான் கிடையாது. பார்க்கிறவர்கள் வந்து பார்க்கலாம். மத்தியானம் நானும் என் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் அவள் இருந்த ஓரத்தில் இருக்கிறேன். அவர் கதைக்கிறார். இறங்குதுறையில் யார் வந்தது, யார் சண்டை பிடித்தது என்றெல்லாம் சொல்கிறார். நேற்று சாப்பிட்டு எழும்பும்போது சுற்றிவரப் பார்த்து, "லாயம் நல்லாத்தான் கிடக்குது" என்றார்.

"ஆர் செய்யிறதாம்?" என்று கேட்டேன்.

"நீதான்" என்றார். கொஞ்சம் நின்று, "அக்கா நல்லாப் பழக்கிவிட்டிருக்கிறா" என்றார்.

இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய் அடுப்புச் சாம்பலை அள்ளினேன்.